‘இரண்டும் ஒன்றுதான்’ என்று சொல்லாதீர்கள்: போர், அரசியல் சொற்களைக் கற்பிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரலாறு கற்பிக்கப் புதிதாக வரும் ஆசிரியர்களின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிப்பது என் வேலையில் ஒரு பகுதி. பிள்ளைகளுக்குத் தாங்களே சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் அடிக்கடி வந்து பேசுவார்கள். நாங்களெல்லாம் தொடங்கிய காலத்தில் செய்த தவறுகளையே இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். எழுத்துப்பிழை, உச்சரிப்பு, ஆண்டை மாற்றிச் சொல்வது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை கண்ணில் பட்டவுடன் திருத்திக்கொள்ளக் கூடியவை. யார் கண்ணிலும் படாமல் பிள்ளையோடு மேல்வகுப்பு வரை போகிற தவறுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

அகரவரிசைப் பட்டியல்

வேண்டாம். அகராதிக்கு அது சரி. பிள்ளைக்கு, ஒரே நிகழ்ச்சியில் சேர்ந்து வருகிற சொற்களைச் சேர்த்துக் கொடுங்கள்.

அக்கம்பக்கத்துச் சொற்களை ஒன்றாக்கிவிடுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். பலகையில் ‘போர்நிறுத்தம்’ என்று எழுதுவார்கள். “அப்படின்னா என்ன மிஸ்?” என்று ஒரு பிள்ளை கேட்கும். “போர் முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்” என்று பதில் வரும். அடுத்த வாரம் ‘சமாதான ஒப்பந்தம்’ வரும். “அதுவும் போர்நிறுத்தமும் ஒண்ணுதான், பேருதான் வேற” என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள். பிள்ளையின் சுமையைக் குறைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் குறைவது சுமை இல்லை. ஒரு முழுக் கேள்வியே பிள்ளையின் கையை விட்டுப் போய்விடுகிறது.

முதல் உலகப்போர் எப்படி முடிந்தது என்று ஒரு பையன் கட்டுரை எழுதியிருந்தான். அதில் இரண்டு வாக்கியங்கள்: ‘1918 நவம்பர் 11 அன்று சமாதானம் ஏற்பட்டது. 1919 ஜூன் 28 அன்று மறுபடியும் சமாதானம் ஏற்பட்டது.’ ஆசிரியர் இரண்டாவது வாக்கியத்தைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ‘கூறியது கூறல்’ என்று எழுதியிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பையன் எழுதிய இரண்டு தேதியும் சரி. இரண்டு தேதிகளிலும் நடந்தது வேறு வேறு என்பது அவனுக்கு மங்கலாகவேனும் தெரிந்திருக்கிறது. அதைச் சொல்ல அவனிடம் சொல் இல்லை. ஏன் இல்லை? இரண்டும் ஒன்றுதான் என்று வகுப்பில் சொல்லிவிட்டார்களே!

அந்த இரண்டு தேதிக்கும் நடுவில் என்ன நடந்தது என்று பாருங்கள். நவம்பர் 11 அதிகாலையில், பிரான்சின் கொம்பியேன் காட்டில் நின்ற ஒரு ரயில் பெட்டிக்குள் கையெழுத்தானது போர்நிறுத்த உடன்படிக்கை. காலை 11 மணிக்கு அது நடைமுறைக்கு வந்தது. அதன் காலம் 36 நாள்தான். அப்புறம் நீட்டித்து நீட்டித்துத்தான் கொண்டுபோனார்கள். ‘போர் முடிந்துவிட்டது’ என்று சொல்லிக்கொடுத்த ஆசிரியரிடம், “அப்ப எதுக்கு 36 நாள் கெடு?” என்று பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வார்? ஜெர்மனிக்குச் சரக்கு போகாமல் நேச நாடுகள் போட்டிருந்த கடல் முற்றுகையும் போர்நிறுத்தத்தோடு விலகிவிடவில்லை. 1919 ஜூலையில்தான் முழுதாக விலகியது. பீரங்கி நின்றுபோன பிறகும் அந்த நாட்டு மக்கள் உணவுக்குத் திண்டாடினார்கள். வெர்சாய் சமாதான ஒப்பந்தத்தில் 1919 ஜூன் 28 அன்று ஜெர்மனி கையெழுத்திட்டது எப்படிப்பட்ட நெருக்கடியில் என்பது இந்த ஏழரை மாதத்தைப் பார்த்தால்தான் விளங்கும். அந்த ஒப்பந்தத்தின் மீது பின்னாளில் ஜெர்மனியில் எழுந்த கசப்பு, அதை அரசியலாக்கியவர்கள், 1939 வரைக்குமான கதை எல்லாமே அங்கிருந்துதான் கிளைக்கின்றன. இரண்டு சொல்லையும் ஒன்றாக்கிய பிள்ளைக்கு ஏழரை மாதம் இல்லாமலே போய்விடுகிறது. பிறகு ‘இரண்டாம் உலகப்போருக்கான காரணங்கள்’ என்ற கட்டுரையில் அது எதைப் பிடித்துக்கொண்டு எழுதும்?

சரி, எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பலகையின் குறுக்கே ஒரு நீளக் கோடு போடுவேன். சண்டை நிறுத்தம், போர்நிறுத்த உடன்படிக்கை, சரணடைதல், சமாதான ஒப்பந்தம் என்று நான்கு சீட்டுகள் மேசையில் இருக்கும். ஒவ்வொரு சீட்டுக்கும் மூன்று கேள்விகள். யார் ஒப்புக்கொண்டார்கள்? எது நின்றது? எது இன்னும் முடியவில்லை? மூன்றாவது கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், வேலை செய்வது அதுதான்.

1914 கிறிஸ்துமஸ் சமயத்தில் மேற்குப் போர்முனையின் சில இடங்களில் இரு தரப்புச் சிப்பாய்களும் தாங்களாகவே சுடுவதை நிறுத்தி, நடுவில் வந்து கைகுலுக்கிக்கொண்டார்கள். அது சண்டை நிறுத்தம். எந்தத் தலைவரும் கையெழுத்திடவில்லை, எதுவும் முடியவுமில்லை. 1953 ஜூலை 27 அன்று கொரியப் போரில் கையெழுத்தானது போர்நிறுத்த உடன்படிக்கை. தென் கொரியா அதில் கையெழுத்திடவே இல்லை. அதன் பின் சமாதான ஒப்பந்தமும் வரவில்லை. வட, தென் கொரியாக்களுக்கு நடுவே சுமார் 4 கிலோமீட்டர் அகலத்துக்குப் படைவிலக்கு மண்டலம் இருப்பது இதனால்தான். “அப்ப அந்தப் போர் இன்னும் முடியலையா?” என்று பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஜப்பான் சரணடைதல் பத்திரத்தில் கையெழுத்திட்டது 1945 செப்டம்பர் 2. சான் பிரான்சிஸ்கோவில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது 1951இல், நடைமுறைக்கு வந்தது 1952 ஏப்ரலில். நடுவில் அந்த நாடு யார் ஆட்சியில் இருந்தது என்ற கேள்வியை நான் கேட்க வேண்டியதே இல்லை, பிள்ளைகளே கேட்பார்கள்.

இதற்கு ஒரு முழு வகுப்பு நேரம் போகும். போகட்டும். இருபது சொல்லுக்கு ஒருவரி விளக்கம் எழுதவைப்பதைவிட நான்கு சொல்லைப் பிரித்தறியச் செய்வது மேல். ஒருவரி விளக்கம் தேர்வு அறைக்குள் போகும்வரைதான் நினைவிருக்கும்.

போரைப் பிள்ளைகளின் சண்டையோடு ஒப்பிடுவது

“நீயும் உன் தம்பியும் பென்சிலுக்குச் சண்டை போடுறீங்கல்ல, அது மாதிரிதான்” என்று ஆரம்பிக்கிறவர்கள் நிறைய. சின்னப் பிள்ளைக்கு வேறு எப்படிப் புரியவைப்பது என்றும் கேட்பார்கள். ஆனால் இந்த ஒப்பீடு முக்கியமான இடத்திலேயே தப்பாகப் போகிறது. பென்சில் சண்டையில் முடிவெடுப்பவனும் அடிபடுகிறவனும் ஒரே ஆள். போரில் அப்படி இல்லை. போர் தொடுப்பது அரசாங்கம், களத்துக்குப் போவது படை, வீடிழப்பது மக்கள். இந்த மூன்றையும் ‘ஜெர்மனி’ என்ற ஒரே பெயருக்குள் அடைத்துவிட்டால், கட்டுரை முழுக்க ‘ஜெர்மனி கோபப்பட்டது’, ‘ஜெர்மனி பயந்தது’ என்றுதான் வரும்.

நாடு, அரசாங்கம், மக்கள் ஆகிய மூன்றையும் முதலில் பிரித்துக்கொடுங்கள். 1918 நவம்பர் 9 அன்று பேரரசர் இரண்டாம் வில்லியம் பதவி விலகியதாக அறிவிப்பு வந்தது, அன்றே குடியரசும் அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து ரயில் பெட்டியில் ஜெர்மனிக்காகக் கையெழுத்திட்டவர்களுக்குத் தலைமை தாங்கியவர் மத்தியாஸ் எர்ஸ்பெர்கர். அவர் படைத்தளபதி இல்லை, அரசியல்வாதி. போரை நடத்தியவர்கள் ஒதுங்கிக்கொள்ள, பழி அவர்மேல் விழுந்தது. 1921இல் தீவிர வலதுசாரிகள் அவரைக் கொன்றார்கள். நாடு அதே நாடுதான், அரசாங்கம் வேறு. இதை ஒரு தரம் விளங்கிக்கொண்ட பிள்ளை அதன் பிறகு ‘ஜெர்மனி கோபப்பட்டது’ என்று எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கும்.

படையெடுப்பும் ஆக்கிரமிப்பும்

ஒன்று உள்ளே நுழைவது, இன்னொன்று நுழைந்தபின் தங்கிவிடுவது. 1940 ஏப்ரல் 9 அன்று டென்மார்க் மீது நடந்த படையெடுப்பு சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆக்கிரமிப்பு 1945 மே வரை நீடித்தது. இந்த ஒரு எடுத்துக்காட்டு போதும்.

‘அகதி’யை மேம்போக்காகச் சொல்வது

வீட்டை விட்டு ஓடியவர்கள் எல்லோரும் அகதிகள் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கைப்படி அகதி என்பவர் சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர். இனம், மதம், நாட்டுரிமை, சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றின் பேரில் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க அச்சத்தால் திரும்பிப் போக முடியாதவர். எல்லை தாண்டாமல் நாட்டுக்குள்ளேயே இடம் மாறியவர்கள் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்கள். இவர்களுக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு வேறு, அதனால்தான் சொல்லும் வேறு.

இதைச் சொல்லும்போது வகுப்பை ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லை வாழ்ந்து பார்த்த குடும்பத்துப் பிள்ளை உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பிள்ளையை எழுப்பி ‘உன் அனுபவத்தைச் சொல்லு’ என்று கேட்கவே கேட்காதீர்கள். தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்கம் சாயும் சொற்களை வெறும் பெயர்களாகக் கொடுப்பது

1857இல் நடந்ததைச் சிப்பாய்க் கலகம் என்று எழுதிய புத்தகமும் உண்டு, முதல் சுதந்திரப் போர் என்று எழுதிய புத்தகமும் உண்டு. கலகம், கிளர்ச்சி, புரட்சி, விடுதலைப் போர் என்ற நான்கில் எதை எடுத்தாலும் எழுதுகிறவர் எங்கே நிற்கிறார் என்பது தெரிந்துவிடும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இது தாராளமாகப் புரியும். “இந்த வார்த்தையை யார் சொல்லுவாங்க?” என்று கேட்டுப் பழக்குங்கள். எந்தச் சொல் சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. தான் எடுத்த சொல்லுக்குப் பிள்ளை காரணம் சொல்லட்டும், கட்டுரையில் ஒரு பத்தி கிடைத்துவிடும்.

வினாவில் உள்ள ஏவல் சொல்லை விட்டுவிடுவது

போர்ச் சொற்களை எல்லாம் கற்றுக்கொடுத்துவிட்டு, விவரி, விளக்கு, ஒப்பிடு, மதிப்பிடு என்பவை தானாக வந்துவிடும் என்று இருந்துவிடுகிறார்கள். வராது. ‘முதல் உலகப்போருக்கான காரணங்களை மதிப்பிடுக’ என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் சரயேவோ நகரில் ஆஸ்திரியா-ஹங்கேரி இளவரசர் கொல்லப்பட்டதைக் கதையாக எழுதி முடித்துவிடுவார்கள். கதை நன்றாகவே இருக்கும், ஆனால் கேட்டது அது இல்லை.

இளவரசர் சுடப்பட்டது 1914 ஜூன் 28. ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியா மீது போர் அறிவித்தது ஜூலை 28. ஒரு மாதம் இடைவெளி. அந்த ஒரு மாதத்தைப் பிள்ளையின் முன் வையுங்கள். குண்டு பாய்ந்ததும் போர் வந்துவிடவில்லை என்றால், குண்டு உடனடிக் காரணம் மட்டுமே. கூட்டணிகள், படைப்பெருக்கம், பால்கன் பகுதிப் போட்டி ஆகியவை அடிப்படைக் காரணங்கள். மதிப்பிடுவது என்றால், இவற்றில் எது இல்லாமல் இருந்திருந்தால் போர் வந்திருக்காது என்று எடைபோட்டு, ஆதாரத்தோடு ஒரு பக்கம் நின்று சொல்வது. எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும். அந்தப் பத்தியை எழுதப் பிள்ளைகள் தயங்குவார்கள், நம் வாதத்தை நாமே கெடுத்துக்கொள்கிறோமே என்று நினைப்பார்கள். அங்கே பொறுமையாகப் பக்கத்தில் உட்காருங்கள்.

பேசிப் பார்க்காத சொல்லை எழுதச் சொல்வது

முதலில் வாயால் மூன்று வாக்கியம். நோட்டு அப்புறம்.

கனமான சொல்லுக்குக் கூடுதல் மதிப்பெண்

கொடுக்காதீர்கள். ‘ஏகாதிபத்தியம்’ என்று தப்பான இடத்தில் எழுதிய பிள்ளையைவிட, ‘அடுத்தவர் நாட்டைப் பிடித்து ஆண்டார்கள்’ என்று சரியான இடத்தில் எழுதிய பிள்ளைக்கே மதிப்பெண் போக வேண்டும்.