பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் ஒரு காலை போய்ப் பாருங்கள்

ப்ளே ஸ்கூலுக்கு அட்மிஷன் கேட்டுப் போனால் ஆபீஸ் அறையில் உட்கார வைத்துப் பேசி அனுப்பிவிடுவார்கள். அங்கே உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. காலை பத்தரை மணி வாக்கில், பிள்ளைகள் இருக்கும்போதே போய் வகுப்பைக் காட்டச் சொல்லுங்கள். வாசலில் நின்று பார்க்கக்கூட விடமாட்டோம் என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் தலைகளை எண்ணுங்கள். முன்பருவக் குழந்தைப் பராமரிப்புக்காக 2013-இல் மத்திய அரசு கொண்டுவந்த தேசியக் கொள்கை, மூன்று முதல் ஆறு வயதுவரை 20 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், அதற்கும் சின்னது என்றால் 10 பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. 30 பேருக்குக் குறைந்தது 35 சதுர மீட்டர் வகுப்பறை, அதாவது ஏறக்குறைய 375 சதுர அடி. வெளியில் ஓடியாட இன்னொரு 30 சதுர மீட்டர்.

இங்கே ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: ஆயா ஒரு பிள்ளையைக் கழுவிவிடப் போனால், மிஸ் போன் பேச வெளியே போனால், மற்ற பிள்ளைகளோடு யார் இருப்பார்கள்? பதில் சொல்லத் தடுமாறினால் அங்கே ஆள் போதவில்லை. அப்புறம் கழிப்பறைக்கு நீங்களே நடந்து போய்ப் பாருங்கள். தரை ஈரமாக வழுக்குகிறதா, குழாய் பிள்ளைக்கு எட்டுகிறதா, கதவு உள்பக்கம் தாழ் விழுந்துவிடுமா? பிள்ளை ஒன்றுக்குப் போகப் பயந்து அடக்கிக்கொண்டே வீட்டுக்கு வருவது பல வீடுகளில் நடக்கிறது, அது சாதாரண விஷயமில்லை.

மூன்று வயதில் நான்கு கோடு நோட்டு கொடுத்து எழுத வைக்கிறார்களா என்று பாருங்கள். அந்த விரல்களுக்குப் பென்சிலைப் பிடித்து எழுதும் பலம் இன்னும் வந்திருக்காது. களிமண் உருட்டுவது, மணி கோப்பது, காகிதம் கிழிப்பது, தண்ணீர் ஊற்றி விளையாடுவது, இதெல்லாம்தான் பின்னால் எழுதுவதற்கான பயிற்சி. தமிழ்நாட்டு அங்கன்வாடிப் பாடத்திட்டத்துக்குப் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'தான். வீட்டில் பேசுகிற மொழியில் பிள்ளை தண்ணீர் கேட்டால் மிஸ் அதே மொழியில் பதில் சொல்கிறாரா என்பதையும் கவனியுங்கள், "இங்கிலீஷ்ல கேளு" என்று காக்க வைக்கிற இடம் வேண்டாம்.

அடி, மிரட்டல், இருட்டு அறை எதுவும் கூடாது, இதில் பேச்சே இல்லை.

பக்கத்து அங்கன்வாடியையும் இதே கண்ணோடு பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சேர்த்த பிறகு முதல் வாரம் அரை மணி, ஒரு மணி என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். கிளம்பும்போது சொல்லாமல் நழுவாதீர்கள். "சாப்பிட்டதும் அம்மா வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி வந்து நில்லுங்கள்.