மேஜர் பிளாகேயின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி?

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் கதை சொல்கிறேன். இந்தக் கதை இரண்டாம் உலகப் போரில் யூதர்களைக் காப்பாற்றப் பார்த்த ஒரு ஜெர்மன் ராணுவ அதிகாரியுடையது. முதல் தடவை இதை எண்ணிக்கையில் ஆரம்பித்தேன். 'ஹிட்லரின் நாஜிகள் கொன்ற யூதர்கள் அறுபது லட்சம்' என்றதுமே பின்வரிசைப் பையன் கொட்டாவி விட்டான். இப்போதெல்லாம் லாரிப் பட்டறையில் ஆரம்பிக்கிறேன். கேட்பவர்களுக்குப் பன்னிரண்டு வயதாவது இருக்கட்டும்.

லித்துவேனியாவின் வில்னியஸ் நகரம். ஜெர்மன் ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவுக்கு மேஜர் கார்ல் பிளாகே பொறுப்பு. வேலைச் சீட்டு வைத்திருக்கும் யூதரை உடனே கொல்ல மாட்டார்கள். அதனால் முடிதிருத்துபவரைக்கூட மெக்கானிக் என்று எழுதிச் சீட்டுக் கொடுத்தார் பிளாகே.

இங்கே நிறுத்துங்கள். துண்டுக் காகிதம் கொடுத்து, வீட்டில் யாராவது ஒருவரின் தொழிலை எழுதச் சொல்லுங்கள். அப்புறம் அதை அடித்துவிட்டு 'மெக்கானிக்' என்று எழுதச் சொல்லுங்கள். "எங்க பாட்டிக்கு ஸ்பேனரே பிடிக்கத் தெரியாதே!" என்றாள் ஒரு சிறுமி. பாட்டியைச் சோதிக்க ஆள் வந்தால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டேன். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது 1944 ஜூலை 1. இதை மெதுவாகச் சொல்லுங்கள். ரஷ்யப் படை நெருங்குகிறது. யூதர்களைக் கொன்றுவந்த நாஜிப் படையான எஸ்.எஸ்.ஸின் அதிகாரி பக்கத்தில் நிற்க, பிளாகே தன் பட்டறை முகாமின் யூதத் தொழிலாளர்களிடம் பேசுகிறார்: உங்களை வேறு இடத்துக்கு மாற்றப்போகிறார்கள், எஸ்.எஸ். கூட வரும், அது அகதிகளைப் பாதுகாக்கும் அமைப்பு என்பது உங்களுக்கே தெரியும், மூட்டை முடிச்சு எதுவும் தேவையில்லை. இதில் ஒளிந்திருக்கும் எச்சரிக்கையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். 'அகதிகளைப் பாதுகாக்கும்' என்ற இடத்தில் யாராவது சட்டென்று நிமிர்வார்கள்.

அன்று கேட்டவர்களுக்கும் புரிந்தது. நூற்றுக்கணக்கானோர் ஏற்கெனவே செய்துவைத்திருந்த மறைவிடங்களுக்குள் போனார்கள். அதிலும் பலரைத் தேடிப் பிடித்துச் சுட்டார்கள். முகாமில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் பிழைத்தவர்கள் சுமார் 250 பேர்தான். இதை இனிப்புத் தடவிச் சொல்லாதீர்கள். அவர் 1931-லேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்பதையும் விட்டுவிடாதீர்கள். அதை விட்டால் கதையில் பாதி போய்விடும். போருக்குப் பின் விசாரணை நடந்தபோது பிழைத்தவர்கள் அவருக்காகச் சாட்சி சொன்னார்கள். அவரோ, தன்னைக் குற்றமற்றவன் என்று அறிவிக்க வேண்டாம், கூட்டத்தோடு போனவன் என்றே எழுதுங்கள் என்றார். யூதப் படுகொலைக்கான இஸ்ரேலின் நினைவகமான யாத் வஷெம் அவரைக் கௌரவித்தது 2004-ல்.

கடைசியில் எப்போதும் ஒரே கேள்விதான் வரும்: "மாட்டிக்கிட்டாரா?" இல்லை என்று சொல்லுங்கள். 1957-ல் சொந்த ஊரான டார்ம்ஷ்டட்டில் இறந்துபோனார்.