கப்பல் டிக்கெட்டுக்கு லேமினேஷன் வேண்டாம்: தோட்டக் குடும்பங்களின் காகிதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி மலாயா ரப்பர் தோட்டத்துக்கும், மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போதுதான் டிரங்குப் பெட்டிகளைத் திறக்கிறார்கள். கரையானும் மழைத்தண்ணீரும் ஆகாது என்பது டெல்டாவில் யாருக்கும் தெரியும். அக்கறையோடு செய்வதே கெடுதலாக முடிவதுதான் வேதனை.

லேமினேஷன்

தாலுகா ஆபீஸ் வாசலில் சாதிச் சான்றிதழுக்குப் போடுவதைப் போலவே தாத்தாவின் கப்பல் டிக்கெட்டுக்கும் போட்டுவிடுகிறார்கள். அந்த உறையின் பசை 100 டிகிரிக்கு மேலான சூட்டில் உருகிக் காகித நாருக்குள் இறங்குகிறது. பிறகு பிரிக்கவே முடியாது. ஊதா முத்திரை மை கசியலாம். பழைய போட்டோவின் மேல்பூச்சு கெடும். உறைக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டுவார்கள். பதிவு எண் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரம் விளிம்பு வழியே புகுந்தால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும்.

பாஸ்போர்ட்டில் போட்டோப் பக்கத்தை மட்டும் கிழித்து லேமினேஷன் போட்டு, மீதியைக் குப்பையில் போட்ட வீடுகள் உண்டு. எந்தத் துறைமுகத்தில், எந்தத் தேதியில் இறங்கினார் என்ற முத்திரை அந்த மீதியில்தான் இருந்தது. அதை இனி எங்கே போய்த் தேடுவது?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மடிப்பு விறைப்பாக இருந்தால் வலிந்து விரிக்காதீர்கள். விரிகிற காகிதத்தை இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு ஓரம் ஒட்டாத பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். உறை கிடைக்காவிட்டால் கஞ்சி போடாமல் துவைத்துக் காயவைத்த பழைய வேட்டித் துணி போதும். கஞ்சியைத் தேடித்தான் வெள்ளிப்பூச்சி வரும். பெட்டியைச் சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வையுங்கள்.

ஏற்கெனவே லேமினேஷன் போட்டிருந்தால் வெட்டாதீர்கள், சூடுகாட்டிப் பிரிக்காதீர்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் இரு புறமும் படம் எடுத்துவிட்டு அப்படியே வையுங்கள்.

செல்லோ டேப்

கூடவே கூடாது.

ஏர்லெட்டரில் தபால்தலை வெட்டுவது

தபால் முத்திரையும் சேர்ந்து போய்விடும். அனுப்பியவர் முகவரியில்தான் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும் டிவிஷனும் இருக்கும். தோட்டத்து ஆட்கள் புழங்கிய தமிழ்ப் பெயர் வேறு, கம்பெனிப் பெயர் வேறு. இரண்டையும் எழுதி வையுங்கள். ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியின் பெயர் தெரிந்தால் அதையும்.

இன்றைய மாவட்டத்தில் தேடுவது

1991க்கு முன் நாகப்பட்டினமும் திருவாரூரும் தஞ்சாவூர் மாவட்டம்தான். வெள்ளைக்காரர் காலத்துக் காகிதத்தில் ‘டேஞ்சூர்’, ‘நெகபட்டம்’ என்றிருக்கும். மயிலாடுதுறைக்கு 1982 வரை மாயவரம், மாயூரம் என்று பெயர். பட்டியல் போடும்போது காகிதத்தில் உள்ள எழுத்தைத் திருத்தாமல் அப்படியே எழுதி, இன்றைய பெயரைப் பக்கத்துக் கட்டத்தில் போடுங்கள்.

முன்பக்கம் மட்டும் ஸ்கேன்

போட்டோவின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருக்கும். பாஸ்புக்கின் வெற்றுப் பக்கத்தில் யாராவது கணக்கு எழுதியிருப்பார்கள். இரு புறமும் 600 டிபிஐ (DPI) தெளிவில் ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ஒரு பிரதி வெளியூரில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும்.

போட்டோவின் பின்னால் பேனா

பென்சில் மட்டும், அழுத்தாமல், ஓரத்தில். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே உட்கார்ந்து எழுதுங்கள்.