கூடத்துச் சுவருக்கு ஆஃப் ஒயிட்: நிறத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் பூசி முடிப்பது வரை

திருச்சியில் உள்ள எங்கள் வீட்டுக்கு நாற்பது வயதாகிறது. கூடத்தில் இன்றும் ரெட் ஆக்சைடு இட்ட சிவப்புத் தரைதான். சென்ற ஆண்டு அந்தக் கூடத்துக்குப் பளிச்சென்ற வெள்ளையாக இல்லாமல் லேசான மஞ்சள் சாயலுள்ள ஆஃப் ஒயிட் வேண்டும் என்று முடிவு செய்து, கடையில் ஷேட் கார்டைப் புரட்டி, பாலாடையைப் போலத் தெரிந்த ஒரு நிறத்தை வாங்கி வந்து பூசினோம். இரண்டாவது கோட் காய்ந்த மறுநாள் காலையில் பார்த்தால் சுவரெல்லாம் ரோஸ் பவுடர் பூசியது போல இருந்தது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறொரு நிறத்தை முறையாகச் சோதித்து மறுபடியும் பூசினோம். அந்த இரண்டாம் முறை செய்ததைத்தான் வரிசையாக எழுதுகிறேன். டேப் ஒட்டுவது, பழைய பேப்பர் விரிப்பது போன்றவற்றை நான் விளக்கப் போவதில்லை.

முதலில் பல்பை மாற்றுங்கள்

பெயிண்ட் வேலையைப் பல்பில் தொடங்கச் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் இரவில் நீங்கள் பார்க்கும் சுவர் நிறத்தில் பாதியை முடிவு செய்வது பல்புதான். நம் வீடுகளில் பெரும்பாலும் மாட்டப்படும் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) எல்.இ.டி. பல்பின் ஒளியில் நீலம் தூக்கலாக இருக்கும். அதன் கீழ் மஞ்சள் சாயலுள்ள வெள்ளை வெளிறிப் போகும், சில நேரங்களில் பச்சையாகக் கூடத் தெரியும். 2700 அல்லது 3000 கெல்வின் பல்பின் கீழ் அதே சுவர் வெண்ணெய் நிறத்துக்கு வந்துவிடும். எனக்குக் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 3000, சமையலறைக்கு 4000 என்பதே சரியாகப் படுகிறது. எதுவாக இருந்தாலும், இனி நிரந்தரமாக எந்தப் பல்பு எரியப் போகிறதோ அதை முதலில் மாட்டிவிட்டு அதன் பிறகே நிறம் பார்க்கத் தொடங்குங்கள்.

அடிச்சாயலைக் கண்டுபிடிப்பது

ஆஃப் ஒயிட் என்பது ஒரே நிறமல்ல. வெள்ளை பேஸில் இயந்திரம் விடும் சில சொட்டுச் சாயங்களைப் பொறுத்து அது மஞ்சள் பக்கமோ, சிவப்புப் பக்கமோ, பச்சைப் பக்கமோ, சாம்பல் பக்கமோ சாயும். ரெட் ஆக்சைடு சாயம் சேர்ந்தால் இளஞ்சிவப்பு வரும். மஞ்சளோடு கறுப்புச் சேர்ந்தால் மெல்லிய பச்சை வரும். எந்தச் சாயம் எவ்வளவு என்பது கடையின் கணினியில் இருக்கும். கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்காமல் நான் நிறம் வாங்குவதே இல்லை.

கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்றும் உண்டு. ஷேட் கார்டின் துண்டை ஒரு புதிய ஏ4 தாளின் மேல் வைத்து, ஜன்னலருகே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நீலம் போட்டு வெளுத்த வேட்டியின் பக்கத்தில் கோடி வேட்டியை வைத்தால் அதன் பழுப்பு எப்படித் தனியாகத் தெரிகிறதோ, அப்படியே துண்டின் சாயலும் தாளின் மேல் தெரிந்துவிடும். சுண்ணாம்பில் நீலம் கலந்து வெள்ளையடித்த சுவர்களைப் பார்த்துப் பழகிய நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆஃப் ஒயிட் முதல் பார்வையில் அழுக்காகத் தெரிவதற்குக் காரணமும் இதே ஒப்பீடுதான். ஆகவே அவர்களிடம் துண்டைக் காட்டாமல், கீழே சொல்லும் பெரிய அட்டையைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.

கார்டிலோ நிறுவனத்தின் தளத்திலோ எல்.ஆர்.வி. என்ற எண் இருந்தால் அதையும் பாருங்கள். சுவர் திருப்பியனுப்பும் வெளிச்சத்தின் அளவை அது 0 முதல் 100 வரை சொல்கிறது. ஜன்னல் குறைந்த அறைக்கு 75-க்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து.

அட்டைச் சோதனை: அவசரப்படக் கூடாத இடம்

நான் தவறியது இங்கேதான். கடையில் டியூப் லைட்டின் கீழ், விரலளவு துண்டை வைத்து முடிவு செய்தேன். வீட்டில் காலை வெயில் கிழக்கு ஜன்னல் வழியாகச் சிவப்புத் தரையில் விழுந்து, அங்கிருந்து சுவருக்கு ஏறுகிறது என்பதை நினைத்துப் பார்க்கவில்லை. ஆஃப் ஒயிட் போன்ற வெளிர் நிறம் தன்மேல் விழும் எந்த நிறத்தையும் அப்படியே வாங்கிக் காட்டிவிடும். ஏற்கெனவே சிவப்பு அடிச்சாயலுள்ள பெயிண்டின் மேல் தரையின் சிவப்பும் சேர்ந்ததால்தான் எங்கள் கூடம் அப்படி ஆனது. பின்பக்க அறையில் இதற்கு எதிரான கதை: ஜன்னலை ஒட்டி வேப்பமரம் நிற்பதால் அங்கே பகல் முழுவதும் பச்சை வெளிச்சம்.

ஆகவே மூன்று நிறங்களுக்கு மேல் எடுக்காமல், ஒவ்வொன்றிலும் கிடைக்கும் மிகச் சிறிய டப்பாவை வாங்குங்கள். இரண்டடிக்கு இரண்டடி கெட்டி அட்டையில் ப்ரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசி, அதன் மேல் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். பழைய சுவரின் மேலேயே நேராகப் பூசிப் பார்க்காதீர்கள். சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து பூசும் சுவர்ப் பெயிண்ட், ஈரமாக இருக்கும்போது வெளுத்தும், காய்ந்த பின் சற்று அடர்ந்தும் தெரியும் என்பதால், ஒரு நாள் காயவிட்ட பிறகே பாருங்கள்.

அட்டையை நிமிர்த்திச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டும். தரையில் கிடத்திப் பார்ப்பதில் பயனில்லை. தரைக்கு அருகே ஒரு முறை, கண்ணுயரத்தில் ஒரு முறை, ஜன்னல் இருக்கும் சுவரில் ஒரு முறை, அதன் எதிர்ச்சுவரில் ஒரு முறை வைத்து, காலை எட்டு மணி, நண்பகல், மாலை ஐந்து மணி, விளக்கேற்றிய பிறகு என்று நான்கு வேளையும் பாருங்கள். நான் இதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். சிவப்புத் தரைக்குக் கடைசியில் பொருந்தியது, அட்டையில் தனியாகப் பார்த்தபோது சற்றே பச்சையாகத் தெரிந்த ஒரு மஞ்சள் வெள்ளை. தரையின் சிவப்பு அந்தப் பச்சையைத் தணித்து, நான் முதலில் விரும்பிய பாலாடை நிறத்தைக் கொடுத்துவிட்டது. வேப்பமர அறைக்கு, கூடத்தில் தோற்ற அதே நிறம் அழகாக அமைந்தது.

வடக்குப் பார்த்த அறைக்கு எப்போதும் குளிர்ந்த வெளிச்சம்தான், ஆகவே மஞ்சளைக் கூட்டிப் பூசுங்கள் என்று வெளிநாட்டுக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். நமக்கு அது முழுவதும் பொருந்தாது. திருச்சியில் ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கேதான் இருக்கும். அந்த மாதங்களில் காலை, மாலைச் சாய்வெயில் வடக்கு ஜன்னலுக்குள் நேராகவே விழும். மேற்குச் சுவரில் ஜன்னல் உள்ள அறைக்கு மட்டும், மாலை வெயிலே மஞ்சளைச் சேர்த்துவிடும் என்பதால், ஒரு படி குறைந்த சாயலாகப் பாருங்கள்.

எவ்வளவு வாங்குவது

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் சுவர்ப்பரப்பு 440 சதுர அடி. கதவு, ஜன்னலைக் கழித்தால் ஏறக்குறைய 400. டப்பாவில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120 சதுர அடி என்று போட்டிருந்தால், மூன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். நான்கு லிட்டராக வாங்கி மிச்சத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஷேட் நம்பராக இருந்தாலும் தனித்தனியே கலந்த டப்பாக்களில் நூலளவு வேறுபாடு வரலாம். எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

பளபளப்பைப் பொறுத்தவரை, பழைய வீட்டுச் சுவரின் மேடு பள்ளத்தை மறைக்க மேட் ஃபினிஷே நல்லது. சமையலறைக்கு மட்டும் துடைக்க வசதியாகச் சற்று மினுமினுப்புள்ள வகையை வாங்கினேன்.

பூசுவது

பழைய சுண்ணாம்பு இருந்தால் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். அதன் மேல் எமல்ஷன் நிற்காது. பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் எடுத்து, வெள்ளை ப்ரைமர் ஒரு கோட் கொடுங்கள். ஆஃப் ஒயிட்டுக்கு அடியிலிருக்கும் நிறத்தை மறைக்கும் வலிமை குறைவு என்பதால் ப்ரைமரைத் தவிர்க்க வேண்டாம். டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் கலந்தாலும் இதே குறைதான்; மூன்றாவது கோட் தேவைப்படும்.

ரோலர் எட்டாத மூலைகளுக்குப் பிரஷ்ஷால் பூசி, அதாவது கட்டிங் கொடுத்துவிட்டு மறுநாள் ரோலர் ஓட்டினால், சுவருக்குச் சட்டம் போட்டது போலக் கோடு தெரியும். ஒரு சுவருக்குக் கட்டிங் முடிந்ததும், அது ஈரமாக இருக்கும்போதே ரோலர் ஓட்டி, அந்தச் சுவரை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மேற்கூரைக்குப் பளிச்சென்ற வெள்ளை வேண்டாம் என்பேன். பக்கத்தில் அது இருந்தால் சுவர் பழுத்தது போலத் தெரியும். அதே ஷேட்டைப் பாதி சாயத்தில் கலந்து தரச் சொன்னேன். சுவரும் கூரையும் இப்போது உறுத்தாமல் சேர்ந்திருக்கின்றன.

பின்சேர்க்கை

இதைப் படித்த இருவர், கதவுக்கு அடித்த வெள்ளை எனாமல் சுவரைவிட மஞ்சளாகிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். எண்ணெய் கலந்த எனாமல் வெளிச்சம் குறைந்த இடத்தில் நாளடைவில் மஞ்சளிக்கும். நீரில் கரையும் வகை எனாமலில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பழைய கதவைத் தேய்க்கும்போது எச்சரிக்கை தேவை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், அதற்கு முன் அடித்த பெயிண்டை உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்த்து, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல் வேலையை முடியுங்கள்.

மிச்சப் பெயிண்டை ஒரு சிறிய பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி, ஷேட் நம்பர், கலந்த தேதி, எந்த அறை என்பதை எழுதி ஒட்டி, நிழலில் வையுங்கள்; ஆணி அடித்த ஓட்டையை அடைத்தபின் டச்சப் செய்ய அதுவே போதும்.