முதல் 50 கி.மீ. ஓட்டமா? வயிற்றையும் பழக்குங்கள்

மாரத்தான் ஓடியவர்கள் அல்ட்ராவுக்காக (மாரத்தானைவிட நீண்ட ஓட்டம்) ஒரே நாளில் 45 கி.மீ. ஓடிப் பார்க்க வேண்டாம், காயம்தான் மிஞ்சும். சனிக்கிழமை 28, ஞாயிறு காலை 16 என அடுத்தடுத்து, பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் போங்கள். களைத்த காலோடு ஓடப் பழகுவதுதான் நோக்கம். மேடு வந்தால் கௌரவம் பார்க்காமல் நடந்துவிடுங்கள்.

பலரைக் கவிழ்ப்பது கால் அல்ல, வயிறு. ஓடும்போது ரத்தம் தசைகளுக்குத் திரும்பிவிடுவதால், பசித்தபின் மொத்தமாகத் தின்றால் குமட்டும். முதல் அரை மணியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போகட்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. தாகத்துக்கு மேல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும், அது ஆபத்து. பாட்டிலில் எலுமிச்சைச் சாறு, சர்க்கரையோடு இரண்டு சிட்டிகை உப்பும் போடுங்கள்.

பாதம் வீங்கும், ஷூ அரை சைஸ் பெரிதாகவே வாங்குங்கள்.