லேத்துல ஜாப்பை சென்டர் பண்ற பேரிங் டூல்: செய்யும்போது எங்கெல்லாம் கோட்டை விடுறோம்

மூணு ஜா சக்குல, அதாவது மூணு தாடையால கவ்விப் பிடிச்சு சுத்துற பிடிப்பான்ல, கடைய வேண்டிய ஜாப்பா ஒரு ராடை மாட்டி சுத்தவிட்டா வெளிநுனி லேசா ஆட்டம் போடும், உடனே என்ன பண்ணுவோம், ஒரு கட்டையை எடுத்து தட்டுவோம், திருப்பி சுத்திப் பார்ப்போம், மறுபடி தட்டுவோம், இப்படியே பத்து நிமிஷம் போயிரும். இந்த தட்டல் வேலையை மிச்சம் பண்றதுக்கு ஒரு எளிமையான டூல் இருக்கு. ஒரு சதுரக் கம்பி, அதோட நுனியில ஒரு பால் பேரிங், அவ்ளோதான். இதை டூல் போஸ்ட்ல, அதாவது கட்டிங் டூல் மாட்டுற இடத்துல மாட்டிக்கிட்டு, ஜாப்பை சக்குல லேசா பிடிச்சு மெதுவா சுத்தவிட்டு, கிராஸ் ஸ்லைடை (டூலை ஜாப் பக்கமா குறுக்க நகர்த்துறது) திருப்பி பேரிங்கை ஜாப் மேல கொண்டுபோய் அழுத்தினா ஜாப் தானா நேராயிரும், அப்புறம் மெஷினை நிறுத்திட்டு சக்கை இறுக்கிக்கலாம்.

பாக்குறதுக்கு இதுல தப்பு பண்ண என்ன இருக்குன்னு தோணும். ஆனா நான் பார்த்த வரைக்கும் இதை செய்றவங்க துல்லியம் தேவையே இல்லாத இடத்துல உயிரை விடுறாங்க, தேவைப்படுற இடத்தை கண்டுக்கவே மாட்டேங்குறாங்க. என்னோட முதல் டூலும் அந்த ரகம்தான்.

பேரிங்கை மாட்டுற போல்ட்டை நட்டுக்குத்தலா போட்டதுதான் நான் பண்ண பெரிய தப்பு. பட்டைக் கம்பியில மேலிருந்து கீழ டிரில் போடுறது சுலபம், வைஸ்ல படுக்க வெச்சு ஒரு ஓட்டை, அதுல பேரிங், வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். பளபளன்னு ஃபினிஷ் பண்ணி வெச்சிருந்த ஒரு அலுமினிய வட்டு மேல கொண்டுபோய் வெச்சதும் கிரீச்னு ஒரு சத்தம், நிறுத்திப் பார்த்தா ஓரம் பூரா சுரண்டி வெச்ச மாதிரி கோடு. பேரிங் சுத்தவே இல்லை. ஏன்னு யோசிச்சுப் பாருங்க, ஜாப் சுத்தும்போது நம்ம பக்கம் இருக்கிற மேற்பரப்பு மேலிருந்து கீழ ஓடுது. அது கூடவே பேரிங்கும் உருளணும்னா அது ஜயன்ட் வீல் மாதிரி நிமிர்ந்து நின்னு சுத்தணும், நான் பண்ணி வெச்சது குடை ராட்டினம். குடை ராட்டினம் பக்கவாட்டுலதான் சுத்தும், மேலிருந்து கீழ வர்ற மேற்பரப்புக்கு அது ஒரு அசையாத இரும்புக் கட்டி, அதுவும் நல்லா கடினப்படுத்தின இரும்பு. சுரண்டாம என்ன பண்ணும்.

அதனால போல்ட் எப்பவும் படுத்த வாக்குலதான் இருக்கணும். கம்பி கிராஸ் ஸ்லைடு போற திசையில நீட்டிக்கிட்டு இருந்தா போல்ட் பெட்டுக்கு, அதாவது லேத்தோட நீளவாக்குக்கு, இணையா இருக்கும், அப்ப பேரிங் ஜாப்போட வெளிவட்டத்து மேல உருளும். அதே டூலை டூல் போஸ்ட்டோட 90 டிகிரி திருப்பி நுனி சக்கை பார்க்குற மாதிரி வெச்சா போல்ட் ஜாப்போட சென்டரை பார்த்து இருக்கும், இப்ப பேரிங் ஜாப்போட முகத்து (தட்டையான முன்பக்கம்) மேல உருளும். வெளிவட்டம், முகம் ரெண்டுக்கும் ஒரே டூல் போதும். அதுக்குன்னு தனியா 45 டிகிரி சாய்வெல்லாம் பண்ணிக்கிட்டு இருக்க வேண்டாம்.

அடுத்தது கம்பியும் பேரிங்கும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாம போறது. கையில பெரிய பேரிங் கிடைக்குதேன்னு 6200ங்கிற சைஸ் எடுக்குறாங்க, அது 30 மிமீ வெளிவட்டம், 9 மிமீ அகலம். ரெண்டு பக்கமும் இடைவெளிக்கு 1 மிமீ விட்டா பேரிங் உக்கார்ற காடி (பள்ளம்) 11 மிமீ வரும், 16 மிமீ கம்பியில 11 மிமீ காடி வெட்டினா ரெண்டு பக்க சுவரும், அதாவது காதும், ரெண்டரை மிமீ தகடாத்தான் மிஞ்சும், அழுத்தினா அது ஸ்பிரிங் மாதிரி வளையும். டூலே வளைஞ்சா ஜாப் எப்படி நேராகும்? 16 மிமீ கம்பிக்கு 608 போதும். உள்ஓட்டை 8, வெளிவட்டம் 22, அகலம் 7. ரெண்டு பக்கமும் அரை மிமீ இடைவெளி விட்டு காடி 8 மிமீ, காது பக்கத்துக்கு 4 மிமீ கெட்டியா நிக்கும். கம்பி நுனியிலிருந்து 7 மிமீல போல்ட் ஓட்டை வந்தா பேரிங் 4 மிமீ வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். காடியோட ஆழம் 20 மிமீ, பேரிங்கோட பின்பக்கம் காடி அடியில இடிக்கக்கூடாதுல்ல, அதுக்குத்தான்.

காடியை வெட்டிட்டு அப்புறம் ஓட்டை போடுறது இன்னொரு வம்பு. முதல் காதை தாண்டினதும் டிரில் அந்தரத்துல போய் ரெண்டாவது காதுல வேற இடத்துல இறங்கும், போல்ட் கோணலா நிக்கும். முழுக் கம்பியா இருக்கும்போதே 6.8 மிமீ ஓட்டையை குறுக்க போட்டுருங்க, காடியை அப்புறம் வெட்டுங்க, கடைசியா ஒரு பக்க காதை 8 மிமீக்கு பெருசாக்கிட்டு சக் பக்கம் வரப்போற காதுல எம்8 (8 மிமீ) டாப் போட்டு மரை வெட்டினா நட்டே வேண்டாம், சக் பக்கம் எதுவும் துருத்திக்கிட்டு நிக்காது. மில்லிங் மெஷின் இல்லையேன்னு கவலை வேண்டாம், காடி முடியுற இடத்துல ஒரு ஓட்டையை போட்டுட்டு ஹேக்சாவால ரெண்டு வெட்டு வெட்டி அரத்தால ராவினா ஆச்சு.

வாஷர் விஷயத்துலதான் நிறைய பேர் மாட்டுறாங்க. அந்த அரை மிமீ இடைவெளிக்கு கைக்கு கிடைச்ச எம்8 வாஷரை போட்டு இறுக்கிடுவாங்க. சாதா எம்8 வாஷர் 16 மிமீ வட்டம், 1.6 மிமீ தடிமன். தடிமனே முதல்ல காடிக்குள்ள போகாது, தேய்ச்சு மெலிசாக்கி சொருகினாலும் 608ல உள்வளையம் ஏறக்குறைய 12 மிமீ வரைக்கும்தான், அதுக்கு மேல ஷீல்டு (பேரிங்கை மூடுற தகடு), வாஷர் போய் ஷீல்டு மேல உரசும். பேரிங்கை கையால சுத்திப் பார்த்தா மண்ணுல மாட்டின மாதிரி இழுக்கும். 8 மிமீ உள்ஓட்டை, 11 மிமீ வெளிவட்டம், அரை மிமீ தடிமன்ல ரெண்டு வளையம் லேத்துலயே கடைஞ்சுக்கோங்க, இல்லேன்னா மெல்லிசு தகடுல வெட்டிக்கோங்க. உள்வளையத்தை மட்டும்தான் அது கவ்வணும். போல்ட்டை இறுக்கின பிறகு உள்வளையம் காதோட சேர்ந்து கல்லு மாதிரி நிக்கணும், வெளிவளையம் விரலால தட்டினா ஓடணும்.

இப்ப தேவையில்லாத துல்லியத்துக்கு வர்றேன். போல்ட் பேரிங் ஓட்டைக்குள்ள கச்சிதமா உக்காரணும்னு ரீமர் போட்டு ஓட்டையை துல்லியமாக்குறவங்க, தனியா பின் கடைஞ்சு கிரைண்ட் பண்றவங்க எல்லாம் உண்டு. அந்த மெனக்கெடல் வேண்டாம். உள்வளையம் சுத்தவே போறதில்லையே, இறுக்கிப் பிடிச்சாச்சு, வெளிவளையம் மட்டும்தான் சுத்துது. போல்ட்டுல கால் மிமீ லூஸ் இருந்தா பேரிங் கால் மிமீ தள்ளி உக்காரும், அவ்ளோதான், நம்ம எப்படியும் கிராஸ் ஸ்லைடை திருப்பி அது ஜாப்பை தொடுற வரைக்கும் கொண்டுபோகத்தானே போறோம். ஃபுல் திரெட் போல்ட் போட்டாலும் ஒண்ணும் ஆகாது, என்னோடது அப்படித்தான் ஓடிக்கிட்டு இருக்கு. ஆனா கரகரன்னு சத்தம் போடுற பேரிங்கை மட்டும் போடாதீங்க, அது பண்ற அதிர்வு ஜாப்ல தெரியும். ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் வெச்சது கிடைச்சா நல்லது, உலோகச் சுருள் உள்ள போகாது.

ஆனா சென்டர் ஹைட், அதாவது பேரிங்கோட நடு ஜாப்போட நடு உயரத்துக்கே இருக்கிறது, முக்கியம். கட்டிங் டூலுக்கு அடியில குடுக்குற அதே பேக்கிங் தகட்டை இதுக்கும் குடுத்துட்டு அப்படியே ஓட்டுவாங்க. கட்டிங் டூல்ல முனை மேல் விளிம்புல இருக்கு, நம்ம டூல்ல போல்ட் கம்பிக்கு நடுவுல இருக்கு, அதே 16 மிமீ கம்பின்னா 8 மிமீ கீழ இறங்கிரும். பேரிங் சென்டருக்கு கீழ தொட்டா ஜாப்பை தள்ளுறதோட சேர்த்து மேலயும் தூக்கும், அழுத்தத்துல ஒரு பகுதி வீணாப் போகும். இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. போல்ட் தலையில நடுவுல சென்டர் டிரில்லால ஒரு சின்ன குழி போட்டு வெச்சுக்கோங்க. தலை டெயில் ஸ்டாக்கை (சக்குக்கு எதிர்முனையில இருக்கிற தாங்கி) பார்த்து இருக்கும், டெயில் ஸ்டாக் சென்டரை கிட்ட கொண்டுவந்து முனை குழியில விழுற மாதிரி பேக்கிங் வெச்சா ஹைட் சரி. அந்த பேக்கிங்கை ஒரு கம்பியால டூலோட கட்டிப் போட்டுட்டா அடுத்த தடவை தேட வேண்டாம்.

டூல் சரியா வந்த பிறகும் ஓட்டுறதுல பிசகு வரும். சக்கை எவ்வளவு இறுக்கணுங்கிறதுதான் கை பழகுற வரைக்கும் குழப்பம். ரொம்ப இறுக்கினா ஜாப் நகராது, அழுத்தும்போது வளைஞ்சு குடுத்துட்டு பேரிங்கை எடுத்ததும் பழைய இடத்துக்கே போயிரும். ரொம்ப லூஸா விட்டா ஜாப் சக்கை விட்டு வெளிய நடக்க ஆரம்பிக்கும், அது ஆபத்து. சக் சாவியை ரெண்டு விரலால திருப்பி நின்ன இடத்துல விட்டுட்டு, ஜாப்பை கையால பிடிச்சு ஆட்டிப் பாருங்க, கைக்கு அசையாம ஆனா கட்டையால லேசா தட்டினா நகர்ற அளவுக்கு இருக்கணும். பார்த்துட்டு சாவியை சக்குல இருந்து எடுத்தாச்சான்னு இன்னொரு தடவை பாருங்க, அரைகுறையா இறுக்கின சக்குல இதை மறக்கிறது ரொம்ப சகஜம். ஸ்பீடு மெஷின்ல இருக்கிறதுலயே குறைஞ்சது, பேக் கியர் (வேகத்தை இன்னும் குறைக்கிற கியர்) இருந்தா அதுல போடுங்க. ஜாப் சின்னதா இருந்தா சக்கை கையாலயே சுத்தினாக்கூட போதும். விட்டத்தைப் போல நாலஞ்சு மடங்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற ராடுக்கு இந்த வித்தையே வேண்டாம், டெயில் ஸ்டாக் சென்டர் குடுத்துருங்க.

பேரிங்கை பின்னாடி எடுக்கிறதையும் அவசரமா பண்ணக்கூடாது. ஆட்டம் நின்னுருச்சுன்னதும் அழுத்தத்தோடயே மெஷினை நிறுத்தினா ஜாப் ஒரு பக்கமா தள்ளப்பட்ட நிலையில நிக்கும், அந்த நிலையில சக்கை இறுக்கினா அந்த கோணலும் சேர்ந்து பூட்டிக்கும். ஓடிக்கிட்டு இருக்கும்போதே கிராஸ் ஸ்லைடை கொஞ்சம் கொஞ்சமா பின்னுக்கு இழுங்க, பேரிங் ஜாப்பை விட்டு முழுசா விலகின பிறகு நிறுத்துங்க.

இதெல்லாம் பண்ணிட்டு டயல் கேஜை (சின்ன ஆட்டத்தையும் முள்ளால காட்டுற கருவி) வெச்சுப் பார்த்து, இன்னும் ஆடுதே, டூல் சரியில்லைன்னு திட்டுறவங்க இருக்காங்க. டயலை எங்க வெச்சுப் பார்த்தாங்கன்னு கேட்டா ஒரே இடத்துலதான் பார்த்திருப்பாங்க. ரெண்டு இடத்துல பார்க்கணும், ஜா பக்கத்துல ஒண்ணு, வெளிநுனியில ஒண்ணு. வெளிநுனியில மட்டும் அதிகமா ஆடினா அது சாய்வு, அதை இந்த டூல் சரி பண்ணும். ஜா பக்கத்துலயே முள் ஆடுதுன்னா அது சக்கோட ரன்னவுட் (சென்டர் விலகி சுத்துறது), ஸ்க்ரோல் (ஜாவை நகர்த்துற உள்தட்டு) தேய்ஞ்சிருக்கும், ஜா வாய் அகண்டிருக்கும், இல்லேன்னா ஜாவுக்கு இடுக்குல ஒரு சுருள் மாட்டியிருக்கும். அங்க நீங்க எவ்வளவு அழுத்தினாலும் ஜா எங்க பிடிக்குதோ அங்கதான் ஜாப் நிக்கும். முள் மொத்தமா 0.10 மிமீ ஆடுதுன்னா சென்டர் 0.05 தான் தள்ளியிருக்கு, அதையும் மனசுல வெச்சுக்கோங்க, வீணா பதற வேண்டாம். அதுக்கும் குறைவா வேணும்னா நாலு ஜா சக்கும் டயலும்தான் வழி. நாலு ஜாலயும் சாய்வை மட்டும்தான் பேரிங் டூல் நிமிர்த்தும், சென்டரை ஜாவைத் திருப்பித்தான் கொண்டுவரணும்.

வட்டை முகத்துல அழுத்தி நேராக்கும்போது பின்னாடி பிசிறு இருந்தா அது ஜா படி மேல உக்காராம ஆடும், முதல்ல அரத்தால ஓரத்தை தடவிடுங்க. மெல்லிசு பைப்பை இதால அழுத்தினா நசுங்கும். கறுப்பு தோலோட வர்ற ராடு ஒழுங்கான வட்டமே கிடையாது, அது மேல பேரிங் ஏறி இறங்கிக்கிட்டேதான் இருக்கும், ஓரளவுக்கு நேரானதும் விட்டுட்டு மேல ஒரு கட்டு ஓட்டி தோலை எடுத்துருங்க. ஆறுபட்டை, சதுரம், கீவே (நீளவாக்குல ஒரு பள்ளம்) வெட்டின ஷாஃப்ட் பக்கம் இந்த டூலை கொண்டுபோகவே கூடாது, ஒவ்வொரு சுத்துக்கும் பேரிங் மேல சுத்தியல் அடி மாதிரி விழும், அதுக்கெல்லாம் பழைய கட்டைதான்.