அமெரிக்கா போகும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு: இன்டர்நெட் போனில் ஃபேக்ஸ் ஓடுமா?

"ஃபேக்ஸா? அது இன்னும் இருக்கா மாமா?" என்று என் அக்கா மகன் சிரித்தான். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில், பாதி கட்டிய பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அடுத்த வாரம் நியூஜெர்சி பயணம். அவன் மனைவிக்கு அங்கே வேலை. இவன் வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் தொழில் ஆரம்பிப்பதாகத் திட்டம்.

சிரித்ததில் தப்பில்லை. இன்றைக்குக் கும்பகோணத்தில் ஒரு ஃபேக்ஸ் அனுப்ப வேண்டுமென்றால் ஊரையே சுற்ற வேண்டும். அமெரிக்காவில் அப்படியில்லை. டாக்டர் ஆபீஸ், மருந்துக்கடை, வக்கீல், வரித்துறை என்று எங்கே போனாலும் "ஃபேக்ஸ் பண்ணிடுங்க" என்பார்கள். நான் அங்கே ஒரு படுக்கையறையை ஆபீஸாக்கி, மருத்துவ பில்லிங் வேலையில் பல வருஷம் ஓட்டியவன். ஃபேக்ஸ் இல்லாமல் ஒரு வாரம்கூட நகர்ந்ததில்லை. தஞ்சாவூர், திருவாரூர், மாயவரம் பக்கத்திலிருந்து புதிதாகப் போகிறவர்கள் இதே கேள்வியோடு போன் செய்கிறார்கள். அதனால் அவனுக்குச் சொன்னதையே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. விசாவோடு போனவர் வீட்டிலிருந்து செய்தாலும் அது வேலைதான். எச்-4 விசாவில் துணையாகப் போகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு 2015 முதல் வேலை அனுமதி அட்டை கிடைக்கிறது. அந்த அட்டை கைக்கு வரும்வரை தொழில் தொடங்காதீர்கள்.

அனுமதி வந்ததும் ஃபேக்ஸ் தேவைப்படும் முதல் இடமே வரித்துறையாக இருக்கலாம். தொழிலுக்கு ஈ.ஐ.என். என்று ஒரு வரி அடையாள எண் வாங்குவார்கள். அரசு ஆளுக்கு ஆள் தரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ, அது கிடைக்காதவர்களுக்கு வரித்துறை தரும் ஐ.டி.ஐ.என். எண்ணோ இருந்தால் இணையத்திலேயே உடனே வாங்கிவிடலாம். இரண்டும் இல்லாதவர்கள் அதற்கான விண்ணப்பமான எஸ்எஸ்-4 படிவத்தை ஃபேக்ஸிலோ தபாலிலோ அனுப்ப வேண்டும். ஃபேக்ஸில் அனுப்பி, பதிலுக்கு உங்கள் ஃபேக்ஸ் எண்ணையும் எழுதினால் சுமார் 4 வேலை நாளில் வரும் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. தபால் என்றால் வாரக்கணக்கு.

சரி, மெஷின் வாங்கியாயிற்று. வீட்டில் இருப்பதோ இன்டர்நெட் போன். பழைய செம்புக் கம்பி லைன் இப்போது பல இடங்களில் கிடைப்பதே இல்லை. கிடைத்தாலும் விலை அதிகம். (பிரிட்டனுக்குப் போகிறவர்கள் கவனிக்க: அங்கே பழைய போன் வலையமைப்பையே 2027 ஜனவரியோடு மூடத் திட்டமிட்டிருக்கிறார்கள்.) ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வைப்பார்கள். அடாப்டர் என்பார்கள். அதில் சாதாரண போனைச் சொருகினால் பேசலாம், ஜோராகக் கேட்கும். அதே ஓட்டையில் ஃபேக்ஸ் மெஷினைச் சொருகுவீர்கள். தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன புதிதில் ஒரு கிளினிக்குக்கு ஏழு பக்கம் அனுப்ப வேண்டும். மெஷின் கூவியது, எதிர்ப்பக்கம் கூவியது, முதல் பக்கம் உள்ளே போயிற்று, இரண்டாவது போயிற்று. நாலாவது பக்கம் பாதி போனதும் நின்று, ஒரு பெரிய பீப். மறுபடி அனுப்பினால் மறுபடி நாலாவது பக்கம். மூன்று முறை. போன் நிறுவனத்தைக் கூப்பிட்டால், "உங்க இன்டர்நெட் வேகம் நல்லாத்தான் இருக்கு சார்" என்ற பதில்தான். வேகம் நன்றாகத்தான் இருந்தது. குழந்தைகள் கூடத்தில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதில் ஒரு தடங்கலும் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு எல்லாரும் தூங்கியபின் அனுப்பினேன், ஏழு பக்கமும் போய்ச் சேர்ந்தது.

அப்போதுதான் சித்தப்பாவின் எஸ்.டி.டி. பூத் ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளில் மகாமகக் குளத்துப் பக்கம் மஞ்சள் போர்டு மாட்டி வைத்திருந்தார். வளைகுடாவிலிருந்து விசா நகல் வந்தால் அந்தச் சுருள் காகிதத்தில்தான் வரும். வெயில் பட்டால் எழுத்து மங்கிவிடும் என்று வாங்கியவர்கள் மடியில் பொத்திக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடுவார்கள். ஐப்பசி மழையில் லைன் கரகரவென்று இரையும். அப்போது மெஷின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கம் ஊர்ந்து ஊர்ந்து போகும், சிவப்பு மீட்டர் ஓடும், வந்தவர் மீட்டரையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஆனாலும் போய்ச் சேர்ந்துவிடும். லைன் சரியில்லை என்றால் மெதுவாகப் போக வேண்டும் என்பது அந்த மெஷினுக்குத் தெரிந்திருந்தது.

இன்டர்நெட் போனில் ஃபேக்ஸ் ஏன் திணறுகிறது என்றால், பழைய லைன் முறைத் தண்ணீர் மாதிரி. உங்கள் முறை வந்தால் வாய்க்கால் முழுக்க உங்களுக்கு, முறை முடியும்வரை யாரும் மடையில் கைவைக்க மாட்டார்கள். இன்டர்நெட்டில் முறையே கிடையாது. உங்கள் குரலை வழக்கமாக நொடிக்கு 50 துண்டாக வெட்டி, பக்கத்து வீட்டு சினிமா, உங்கள் வீட்டு வீடியோ எல்லாவற்றோடும் ஒரே வாய்க்காலில் விடுகிறார்கள். சில துண்டு பிந்தும், சில துண்டு வராமலே போகும். பேச்சு என்றால் பரவாயில்லை. நாலு தெரு தள்ளி நாகஸ்வரம் கேட்கிறது, நடுவே பஸ் ஹாரன் அடிக்கிறது, அதற்காக ராகம் புரியாமல் போகுமா? காது நிரப்பிக்கொள்ளும். ஃபேக்ஸ் மெஷினுக்கு அந்தக் காது இல்லை. அது படத்தை வரி வரியாக, வரிக்கு 1,728 புள்ளியாகப் பிரித்து, விசிலாக மாற்றி ஊதுகிறது. நொடிக்கு 9,600 பிட் (பிட் என்பது தகவலின் மிகச் சின்னத் துணுக்கு) வேகத்தில் போகும்போது ஒரு துண்டு தொலைந்தால் 192 பிட் தொலைந்தது. நேரம் தவறினால் இரண்டு மெஷினுக்கும் தாளம் விட்டுப்போகும், அப்புறம் பீப்தான்.

இதில் செய்ய வேண்டியதில் முக்கால்வாசி நம் கையிலேயே இருக்கிறது. முதல் காரியம், வேகத்தைக் குறைப்பது. மெஷின் மெனுவில் 33,600 அல்லது 14,400 என்று இருக்கும், அதை 9,600-க்குக் கொண்டு வாருங்கள். சில மெஷினில் எண் இருக்காது. கம்பேட்டிபிலிட்டி என்ற இடத்தில் "பேசிக்" என்றோ "வாய்ப்" (இன்டர்நெட் போனுக்கான பெயர்) என்றோ இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு பக்கத்துக்குக் கொஞ்ச நேரம் கூடுதலாகும், ஆகட்டும். பெட்டியைத் திறந்ததும் அதிக வேகத்தில் வைத்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று புலம்புகிறவர்கள்தான் எனக்கு வரும் போனில் பாதிப் பேர்.

இரண்டாவது, இசிஎம் என்கிற பிழை திருத்தும் வசதி. அது இருக்கும்போது, கெட்டுப்போன பகுதியை மறுபடி மறுபடி கேட்டு வாங்கும் மெஷின். லைன் மோசமாக இருந்தால் கேட்டுக் கேட்டே அலுத்துத் துண்டித்துவிடும். அதை அணைத்தால் பக்கத்தில் ஒன்றிரண்டு கோடு விழும், ஆனால் போய்ச் சேரும். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு "அணைத்துவிடு" என்று சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மருந்தின் அளவு, வங்கிக் கணக்கு எண் இருக்கிற தாளில் ஒரு கோடு விழுந்து 8 என்பது 3 ஆகிவிட்டால் யார் பொறுப்பு? வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் மட்டும் அணையுங்கள். அணைத்தால் அனுப்பியபின் ஒரு போன் செய்து எண்களைச் சரிபாருங்கள்.

மூன்றாவது, போன் நிறுவனத்திடம் கேட்க வேண்டியது. குரலை எந்த முறையில் அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். ஜி.711 என்றால் குரலைப் பெரிதாகச் சுருக்காமல் அனுப்புகிறார்கள், விசில் பிழைக்கும். ஜி.729 என்றால் நொடிக்கு 64,000 பிட்டை 8,000 ஆகப் பிழிந்துவிடுகிறார்கள். அது மனிதக் குரலுக்காகச் செய்தது, விசிலைக் கொன்றுவிடும். நாலாவது பக்கத்தில் நான் மாட்டிக்கொண்டபோது என் லைன் ஜி.711-தான், கோளாறு வீட்டு ரவுட்டரில். போன் அடாப்டருக்கு முன்னுரிமை கொடுக்கும் அமைப்பு ரவுட்டரில் இருக்கிறது. அதைப் போட்டபின் குழந்தைகளும் நானும் சமாதானமாக இருந்தோம்.

இன்னொரு சொல்லும் காதில் விழும், டி.38. 1998-ல் வந்த முறை இது. அடாப்டர் அந்த விசிலைக் குரலாக அனுப்பாமல், அதற்குள் இருக்கும் விஷயத்தைப் பிரித்தெடுத்துத் தரவாகவே அனுப்பும். ஒரு துண்டு தொலைந்தாலும் சமாளிக்க அதே விஷயத்தை அடுத்த துண்டிலும் திரும்ப வைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உங்கள் அடாப்டர், உங்கள் நிறுவனம், அதற்கு அப்பால் அழைப்பைக் கொண்டுபோகும் நிறுவனம் என வழியில் இருக்கிற எல்லாரும் அதற்கு ஒத்துவர வேண்டும். தலைப்பில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்பதற்காகக் கடைமடைக்கு வந்துவிட்டது என்று நம் பக்கத்தில் யாரும் நம்புவதில்லையே. "டி.38 இருக்கிறது" என்று விளம்பரத்தில் பார்த்ததும் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு மாதம் எடுத்து, பத்துப் பக்கமாக நாலு இடத்துக்கு அனுப்பிப் பாருங்கள்.

வயர் விஷயம் சின்னதுதான், ஆனால் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். அடாப்டரை ரவுட்டரோடு கேபிளில் இணையுங்கள், வைஃபையை நம்ப வேண்டாம். அடாப்டரின் "போன்" ஓட்டையிலிருந்து வரும் கம்பி, ஃபேக்ஸ் மெஷினின் "லைன்" ஓட்டைக்குப் போக வேண்டும். பக்கத்தில் "எக்ஸ்ட்" என்று இன்னொன்று இருக்கும், அது கூடுதல் போனுக்கு. அங்கே சொருகிவிட்டு அரை நாள் தேடியவர்களை எனக்குத் தெரியும். கால் வெயிட்டிங் இருந்தால் அணையுங்கள். அனுப்பும் நடுவே வரும் "டிக்" சத்தம் ஒரு பக்கத்தைக் காலி செய்துவிடும். பல நிறுவனங்களில் எண்ணுக்கு முன்னால் *70 அழுத்தினால் அந்த ஒரு அழைப்புக்கு மட்டும் அது அணைந்திருக்கும். மொபைல் சிக்னலில் ஓடும் வீட்டு இன்டர்நெட் என்றால் ஃபேக்ஸ் மெஷினே வேண்டாம். அதில் வேகம் இருக்கும், சீர் இருக்காது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அக்கா மகன், "மாசத்துக்கு நாலு பக்கம் அனுப்ப இத்தனை கூத்தா மாமா?" என்றான். நியாயமான கேள்வி. நாலு பக்கம் என்றால் மெஷினே வாங்காதே என்றேன். இணைய ஃபேக்ஸ் சேவை என்று இருக்கிறது. தாளை ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பினால் அவர்கள் எதிராளியின் மெஷினுக்குச் சேர்ப்பார்கள். உங்களுக்கு ஒரு ஃபேக்ஸ் எண்ணும் தருவார்கள். வருவது மெயிலில் விழும். புதிதாகப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் சரி. கையெழுத்துப் போட்ட தாள்கள் தினமும் கட்டுக்கட்டாக வந்து போகிற தொழில் என்றால் மட்டும் மெஷின். ஒரு எச்சரிக்கை உண்டு: நோயாளிகளின் விவரத்தைக் கையாள்கிறவர்கள் அந்த விவரத்தைக் காக்கச் சொல்லும், 1996-ல் வந்த ஹிப்பா சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அந்த விவரத்தை நாங்களும் காப்போம் என்று பிசினஸ் அசோசியேட் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத் தருகிற இணையச் சேவையைத்தான் எடுக்க வேண்டும். இலவசச் சேவை பக்கமே போகாதீர்கள்.

அங்கே போனபின்தான் உறைக்கும் சில விஷயங்கள். அமெரிக்காவில் ஏ4 தாள் கிடையாது. லெட்டர் அளவு, நம் தாளைவிடக் கொஞ்சம் அகலம், நீளத்தில் 18 மில்லிமீட்டர் குறைவு. ஊரிலிருந்து ஏ4-ல் அச்சடித்துக் கொண்டுபோன சான்றிதழை அனுப்பினால் அடியில் இருக்கும் முத்திரை வெட்டுப்படலாம். தேதியில் மாதம் முதலில் வரும், 5/8 என்றால் மே 8. ஃபேக்ஸ் பக்கத்தின் தலையில் உங்கள் பெயர், எண், தேதி, நேரம் அச்சாக வேண்டும் என்பது 1991-லிருந்தே அங்கே சட்டம். மெஷினை வாங்கியதும் அதைப் பதிந்துவிடுங்கள், கடிகாரத்தையும் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு முறையும் "ஓகே" என்று வரும் ரிப்போர்ட்டை ஃபைலில் வையுங்கள். "எங்களுக்கு வரவேயில்லை" என்று சொல்லும் ஆபீஸ்களிடம் அந்தத் துண்டுச் சீட்டு என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

கும்பகோணத்துக்கு ஃபேக்ஸ் அனுப்ப வேண்டியிருந்தால் வெளிநாட்டு அழைப்புக்கு 011, இந்தியாவுக்கு 91, அப்புறம் ஊர்க் குறியீடு 435; முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும். தஞ்சாவூருக்கு 4362. ஆனால் கடல் தாண்டி இன்டர்நெட் போனில் ஃபேக்ஸ் என்பது பொறுமைக்கு வைக்கிற பரீட்சை. வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்புங்கள்.

911 விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இன்டர்நெட் போனில் அவசர அழைப்பு செய்தால், நீங்கள் பதிந்து வைத்த முகவரிக்குத்தான் ஆம்புலன்ஸ் வரும். வீடு மாறினால் அன்றைக்கே மாற்றுங்கள். கரண்ட் போனால் ரவுட்டரும் அடாப்டரும் போனும் சேர்ந்து செத்துவிடும். ஒரு சின்ன யூ.பி.எஸ். வாங்கி ரவுட்டரையும் அடாப்டரையும் அதில் மாட்டுங்கள், மொபைலை எப்போதும் சார்ஜில் வையுங்கள்.

கடைசியில் அக்கா மகன் பரணைக் காட்டி, "தாத்தாவோட அந்த மெஷின் சும்மாதானே கிடக்கு, எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டான். சித்தப்பாவின் மெஷின் 230 வோல்ட், அங்கே 120. வைத்துவிட்டுப் போ என்றேன். அந்த எடைக்கு அக்கா நார்த்தங்காய் ஊறுகாய் வைத்துவிட்டாள்.